ஆஸ்திரேலியக் கடலோரத்தில் ஒரு வருடம், வேலையும் அலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் வொர்க் அண்ட் ஹாலிடே விசா இந்தியர்களுக்கும் திறந்ததிலிருந்து, கடலோரத்தில் ஒரு வருடம் வேலை பார்த்துக்கொண்டே சுற்றலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. டாலர் என்று வரும் இடமெல்லாம் ஆஸ்திரேலிய டாலர். சம்பள அளவுகள் 2025 ஜூலை நிலவரம். விண்ணப்பிக்கும் நாளில் ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள், கட்டணங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகின்றன.

இது என்ன விசா? யார் போகலாம்?

18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் ஒரு வருடம் அங்கே தங்கி ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்க்கலாம். விண்ணப்பிக்கும் அன்று 31 ஆகியிருக்கக் கூடாது. இதில் இரண்டு வகை உண்டு. 417 என்ற எண் கொண்டது 1975இல் தொடங்கிய பழைய திட்டம். பிரிட்டன், கனடா, பிரான்ஸ் போன்ற நாடுகளின் கடவுச்சீட்டுக்கு அதுதான். இந்த மூன்று நாட்டவருக்கும் 35 வயது வரை அனுமதி. 462 என்ற எண் கொண்டது இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கு. இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டு பட்டியலிலும் இல்லை.

462க்குப் பள்ளிக்குப் பிந்தைய படிப்பு, அடிப்படை ஆங்கிலத்துக்குச் சான்று (ஐ.ஈ.எல்.டி.எஸ். சராசரி 4.5 போதும்), கையிருப்பாக 5,000 டாலர் அளவு, அதற்கு மேல் திரும்பிவரும் டிக்கெட்டுக்கான பணம் எல்லாம் கேட்பார்கள். முதல் விசாவுக்கு ஆஸ்திரேலியாவுக்கு வெளியிலிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். பிள்ளைகளைக் கூட அழைத்துப்போக முடியாது. 4 மாதம் வரை ஏதாவது படிக்கலாம்.

இந்தியர்களுக்குக் குலுக்கல் என்கிறார்களே?

ஆமாம். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 1,000 இடங்கள். கேட்பவர்கள் பல்லாயிரம். அதனால் 2024 அக்டோபரிலிருந்து இணையவழிக் குலுக்கல் நடக்கிறது. பதிவுக் கட்டணம் 25 டாலர். பெயர் வந்தால் 28 நாளுக்குள் முழு விண்ணப்பமும் போய்ச் சேர வேண்டும். அதற்குத் தனியாக 650 டாலருக்கு மேல் ஆகும். ஆங்கிலத் தேர்வு, வங்கிக் கணக்கு விவரம், சான்றிதழ் இதையெல்லாம் பெயர் வந்த பிறகு தேட ஆரம்பித்தால் 28 நாள் போதாது.

குலுக்கலில் பெயர் வரவைப்பதாகச் சொல்லிப் பணம் கேட்கும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். கணினி கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற பெயரை யாரும் வரவைக்க முடியாது. தயவுசெய்து அவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஒரு வருடம் போதாது என்றால் நீட்டிக்க முடியுமா?

முடியும். குறிப்பிட்ட சில வேலைகளை 88 நாள் கணக்கில் 3 மாதம் முடித்தால் இரண்டாவது வருடம். அந்த இரண்டாவது வருடத்தில் 6 மாதம் முடித்தால் மூன்றாவது வருடம். இதற்கெல்லாம் மறுபடி குலுக்கல் கிடையாது.

எந்த வேலை, எந்த ஊரில் என்பதுதான் இதில் முக்கியம். "88 நாள் என்றால் காட்டுக்குள் போய்ப் பழம் பறிக்க வேண்டும், கடலை மறந்துவிட வேண்டும்" என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 462 விசாவுக்கு அப்படி இல்லை. வட ஆஸ்திரேலியாவில் சுற்றுலா, ஓட்டல் வேலைகளும் கணக்கில் சேரும். குயின்ஸ்லாந்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் மகர ரேகைக்கு வடக்கே உள்ள பகுதி, அப்புறம் வடக்குப் பிரதேசம் முழுவதும், இதுதான் வட ஆஸ்திரேலியா. கெய்ர்ன்ஸ், போர்ட் டக்ளஸ், ஏர்லி பீச், ஹாமில்டன் தீவு, டார்வின், புரூம் எல்லாம் அதற்குள் வருகின்றன. பவளப்பாறைக்குப் படகு கிளம்பும் ஊரிலேயே ஓட்டல் அறை சுத்தம் செய்தோ, காபி போட்டோ உங்கள் 88 நாளை முடித்துவிடலாம். மீன்பிடியும் முத்துக்குளிப்பும் கூட அங்கே கணக்கில் சேரும்.

தெற்கே இந்தக் கணக்கு மாறும். பைரன் பேயில் ஒரு வருடம் முழுக்க கஃபேயில் நின்றாலும் ஒரு நாள்கூடச் சேராது. பண்டபெர்க்கில் தோட்ட வேலை சேரும், உணவக வேலை சேராது. வேலையை ஒத்துக்கொள்ளும் முன் உள்துறைப் பட்டியலில் அஞ்சல் குறியீட்டையும் தொழிலையும் சேர்த்துப் பாருங்கள். முதலாளி வாயால் "சேரும்" என்றால் போதாது.

எந்த மாதம் போய் இறங்குவது? எந்த ஊர்?

என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அங்கே கடலுக்கும் வேலைக்கும் ஒரே நாட்காட்டி. வடக்கே மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். கடலில் கொடிய ஜெல்லிமீன் குறைவு, மழை இல்லை, சுற்றுலாக் கூட்டம் நிறைய, ஓட்டல்களும் படகுகளும் ஆள் எடுக்கும் நேரம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழையும் புயலும். அந்த மாதங்களில் கூட்டம் தெற்குக் கடற்கரைகளுக்குப் போய்விடும், அங்கேதான் கோடை.

அதனால் ஏப்ரல் கடைசியில் இறங்கி நேரே கெய்ர்ன்ஸுக்கோ ஏர்லி பீச்சுக்கோ போவது நல்ல தொடக்கம். அங்கே குளிர்காலம் முழுவதும் வேலை பார்த்து 88 நாளை முடிக்கலாம். விடுமுறை நாளில் பவளப்பாறை, விட்சண்டே தீவுகள். ஜூன் முதல் ஹம்ப்பேக் திமிங்கலங்கள் அண்டார்டிகாவிலிருந்து வடக்கே வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஹெர்வி பேயில் குட்டிகளோடு ஓய்வெடுக்கும். அக்டோபரில் கரையோரமாகத் தெற்கே இறங்குங்கள். வழியில் கேகாரி தீவு (ஃப்ரேசர் தீவு என்று இருந்த பெயர் 2023இல் அதிகாரபூர்வமாக மாறியது), நூசா, பைரன் பே. டிசம்பர், ஜனவரியில் சிட்னி, மெல்போர்ன் பக்கத்துக் கடற்கரைகளில் கஃபேக்களுக்கு ஆள் தேவைப்படும். இல்லையென்றால் டாஸ்மேனியாவில் செர்ரி பறிப்பு.

மேற்குக் கரையும் அருமை, ஆனால் தூரம் பயங்கரம். மார்ச் முதல் ஜூலை வரை நிங்கலூ பவளப்பாறையில் திமிங்கலச் சுறாக்களோடு நீந்தலாம், அதற்கு எக்ஸ்மவுத்தில் இருக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மார்கரெட் ரிவரில் திராட்சை அறுவடை. அங்கேயே உலகத் தரமான அலைகளும் உண்டு.

ஜனவரியில் கெய்ர்ன்ஸுக்குப் போகிறேன் என்பவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

விசாவுக்குக் காட்டும் 5,000 டாலரைக் கடன் வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது உண்மையிலேயே தேவைப்படும். வேலை கிடைத்து முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதம் ஆகலாம். அதுவரை ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பேருந்து, சான்றிதழ் வகுப்பு, கறுப்புக் கால்சட்டை, பாதுகாப்புக் காலணி எல்லாம் உங்கள் பையிலிருந்துதான். கையில் பணம் இருந்தால்தான் மோசமான வேலைக்கு முடியாது என்று சொல்ல முடியும். இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடலோர ஊர்களில் என்ன மாதிரி வேலை கிடைக்கும்?

ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங், சமையலறையில் கிச்சன் ஹேண்ட், கஃபேயில் காபி போடும் பரிஸ்டா, பாரில் வேலை, படகில் எடுபிடி வேலை பார்க்கும் டெக்ஹேண்ட், டைவ் கடையில் டிக்கெட் விற்பனை, கார் வாடகை நிறுவனத்தில் வண்டி கழுவுவது. பெரும்பாலும் கேஷுவல் வேலை: நிரந்தரம் இல்லை, சம்பள விடுப்பு இல்லை, அதற்குப் பதில் மணிக்கூலி கூடுதல். ஒரு வாரம் 40 மணி நேரம் இருக்கும், அடுத்த வாரம் 12 ஆகலாம். அதனால் பலர் காலையில் ஒரு வேலை, மாலையில் இன்னொன்று என்று வைத்துக்கொள்கிறார்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு ஹவுஸ்கீப்பிங்கைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஆள் எப்போதும் தேவை, ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. முக்கியமாக, பிற்பகலுக்குள் முடிந்துவிடும். மிச்ச நேரம் உங்களுடையது. பாரிலும் உணவகத்திலும் சம்பளம் சற்றுக் கூடும், ஆனால் இரவு ஒரு மணிக்குப் படுத்தவர் காலை ஆறு மணி அலைக்கு எழுந்திருக்க மாட்டார்.

தீவு ரிசார்ட்டுகள் தனி உலகம். ஹாமில்டன் தீவு போன்ற இடங்களில் ஊழியர்களுக்கென்றே தங்கும் இடம் உண்டு, வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். செலவழிக்க இடம் குறைவு என்பதால் பணம் சேரும். ஆனால் வேலை பிடிக்கவில்லை என்றால் வேலையோடு வீட்டையும் விட வேண்டும். ஒத்துக்கொள்ளும் முன் இதை நன்றாக யோசியுங்கள்.

ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விசா நிபந்தனை. தோட்ட வேலைக்கும், வடக்கே சில தொழில்களுக்கும் விலக்கு உண்டு.

பழத்தோட்ட வேலை எப்படி? கடல் பக்கமாகக் கிடைக்குமா?

கிடைக்கும். டல்லி, இன்னிஸ்ஃபெய்ல் பகுதியில் வருடம் முழுக்க வாழை. போவனில் குளிர்காலத்தில் தக்காளி, வருடக் கடைசியில் மாம்பழம். காஃப்ஸ் ஹார்பரில் புளூபெர்ரி. பண்டபெர்க்கில் பல பயிர்கள் மாறி மாறி வரும். பண்டபெர்க்கின் பக்கத்திலேயே மோன் ரெபோ கடற்கரை இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே பெருந்தலை ஆமைகள் முட்டையிடவும், குஞ்சுகள் கடலுக்கு ஓடவும் பார்க்கலாம். தோட்ட வேலை பார்த்துக்கொண்டே இதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

வேலை கடினம், அதை மறைக்க விரும்பவில்லை. வாழைத் தாரைத் தோளில் வாங்கிச் சுமப்பது முதுகை வாங்கிவிடும். டல்லியில் மழையில் நனைந்துகொண்டே வேலை நடக்கும்: 1950இல் அங்கே ஒரே ஆண்டில் பெய்த மழையின் அளவுக்கு, 7.9 மீட்டர் உயரத்தில் ஊர் நடுவே ஒரு கம்பூட் (மழைக்கால ரப்பர் காலணி) சிலை வைத்திருக்கிறார்கள். பேக்கிங் ஷெட்டில் இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பறித்த அளவுக்குத்தான் கூலி என்கிறார்களே, அது சட்டப்படி சரியா?

எடைக்கூலி சட்டப்படி சரிதான். ஆனால் 2022 ஏப்ரலிலிருந்து அதற்கு ஒரு அடித்தளம் உண்டு: எவ்வளவு குறைவாகப் பறித்தாலும் வேலை பார்த்த மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலி வந்தாக வேண்டும். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் முதலாளி எழுதி வைக்க வேண்டும். "நீ மெதுவாகப் பறித்தாய், அதனால் நாளுக்கு 60 டாலர்தான்" என்றால் அது சட்ட மீறல்.

சம்பளம் எவ்வளவு? ஏமாற்றினால் என்ன செய்வது?

தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். கேஷுவல் என்றால் அதன் மேல் 25 சதவீதம் கூடுதல், ஆக 31 டாலருக்குச் சற்று மேல். பல தொழில்களில் ஞாயிறுக்கும் பொது விடுமுறை நாளுக்கும் இன்னும் கூடும். உங்கள் விசா எதுவானாலும் இதே கூலிதான். வெளிநாட்டவருக்கு வேறு கணக்கு என்று யார் சொன்னாலும் பொய்.

ஏமாற்று வழக்கமாக இப்படித்தான் வரும். "முதல் வாரம் ட்ரயல், சம்பளம் இல்லை." வேலை தெரியுமா என்று பார்க்கச் சிறிது நேரம் செய்துகாட்டச் சொல்லலாம், நாள்கணக்கில் சும்மா வேலை வாங்கக் கூடாது. "ஏ.பி.என். எண் எடுத்துக்கொண்டு வா." அது சொந்தத் தொழில் செய்பவருக்கான எண். பழம் பறிக்கிறவரைத் தொழிலதிபராகக் காட்டினால் முதலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி, காப்பீடு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் மிச்சம். "கையில் காசாகத் தருகிறேன், சீட்டு வேண்டாம்." சம்பளச் சீட்டு இல்லாத வேலையை 88 நாளுக்குச் சான்றாகக் காட்ட முடியாமல் தவிப்பீர்கள். சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள் சீட்டு தருவது கட்டாயம். பணம் வாங்கிக்கொண்டு 88 நாள் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் நெருங்கவே நெருங்காதீர்கள். விசா போய்விடும்.

தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஊர், மேற்பார்வையாளர் பெயர் இதை ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். தகராறு வரும்போது அந்த நோட்டு பேசும். புகார் கொடுக்க ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் என்ற அரசு அமைப்பு இருக்கிறது, சேவை இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். வேண்டுமென்றே கூலியைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி முதல் குற்றவியல் குற்றம். புகார் கொடுத்தால் விசா போய்விடும் என்ற பயம்தான் பலரை வாயடைக்க வைக்கிறது. சுரண்டலுக்கு ஆளானவர் புகார் கொடுக்கும்போது அவர் விசாவைக் காக்கும் ஏற்பாடு 2024 ஜூலையில் சோதனை முறையில் தொடங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்து வருபவரும் அதே தோட்டத்தில் ஏமாறுவார்.

வேலையை இங்கிருந்தே பேசி முடித்துவிட்டுப் போகலாமா?

பெரிய ரிசார்ட் என்றால் முடியும். மற்றபடி நேரில் போனால்தான் நடக்கும். ஒரு பக்க ரெஸ்யூமே, உள்ளூர் சிம் எண், "நாளைக்கே வரத் தயார்" என்ற ஒரு வரி, இதோடு மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு கடை கடையாக ஏறி இறங்குங்கள். மேலாளரைக் கேட்டு அவர் கையில் கொடுங்கள். முன்பணம் கட்டினால் வேலை என்று கேட்பது எதுவாக இருந்தாலும் மோசடி.

முன்கூட்டியே எடுக்க வேண்டிய சான்றிதழ்கள்?

மது பரிமாறும் இடத்தில் வேலை என்றால் ஆர்.எஸ்.ஏ. சான்று, அதாவது மதுவைப் பொறுப்போடு பரிமாறப் பயிற்சி பெற்றதற்கான சான்று. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, அதனால் எந்த மாநிலம் என்று முடிவான பிறகு எடுங்கள். கட்டட வேலைக்கு ஒயிட் கார்டு என்ற பாதுகாப்புப் பயிற்சி அட்டை. காபி போடத் தெரியும் என்றால் உண்மையிலேயே தெரிய வேண்டும்: அங்கே காபியில் சமரசம் கிடையாது, முதல் கோப்பையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வரி, சூப்பர் இதெல்லாம் என்ன?

போன உடனே டி.எஃப்.என். என்ற வரி எண்ணுக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள், இலவசம். இந்த விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி, 45,000 டாலர் வரை அதே விகிதம். நிதியாண்டு ஜூன் 30இல் முடியும், நீங்களே கணக்குத் தாக்கல் செய்வதானால் அக்டோபர் 31க்குள்.

சூப்பர் என்பது ஓய்வூதியச் சேமிப்பு. உங்கள் சம்பளத்துக்கு மேல் 12 சதவீதம் முதலாளி கட்டுவார். நாட்டை விட்டுப் போன பிறகு திரும்பக் கேட்கலாம், ஆனால் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். மிச்சம் வருவது 35 சதவீதம்தான். சிலர் இதைப் பெரிய தொகையாகக் கணக்குப் போட்டு வைத்துவிடுகிறார்கள்.

எனக்கு நீச்சல் சரியாகத் தெரியாது. போகலாமா?

போகலாம், ஆனால் கிளம்பும் முன் கற்றுக்கொண்டு போங்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நீச்சல்குளத்தில் 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், பத்து நிமிடம் அசையாமல் மிதக்கவும் வரட்டும்.

அங்கே கடற்கரையில் அதிகம் பேரைக் கொல்வது சுறா இல்லை, ரிப் என்ற நீரோட்டம். கரையில் வந்து மோதிய தண்ணீர் ஒரு குறுகிய வாய்க்கால் வழியாகக் கடலுக்குத் திரும்பும்போது ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். பார்ப்பதற்கு இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவே அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரியும். அலை இல்லாத இடம் பத்திரம் என்று நினைத்துப் புதியவர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தி அதோடு மல்லுக்கட்டாதீர்கள். மிதந்துகொண்டே ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் வெள்ளை நுரைப் பக்கமாக நகருங்கள்.

சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். உயிர்காப்பாளர்கள் கண்வைத்திருக்கும் இடம் அது. நல்ல நீச்சல்காரர்களுக்கும் இது பொருந்தும். 1938 பிப்ரவரி 6ஆம் தேதி சிட்னி போண்டை கடற்கரையில் தொடர்ந்து வந்த பெரிய அலைகள் மணல்திட்டில் நின்றிருந்தவர்களை வாரிக்கொண்டு போயின. உயிர்காப்பாளர்கள் சுமார் 250 பேரைக் கரைசேர்த்தார்கள், 5 பேர் இறந்தார்கள். அன்று அத்தனை உயிர்காப்பாளர்கள் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். கொடி இல்லாத கடற்கரையில், அதுவும் வேலை முடிந்து இரவில், இறங்கவே இறங்காதீர்கள்.

ஜெல்லிமீன், முதலை?

வட குயின்ஸ்லாந்தில் நவம்பர் முதல் மே வரை பெட்டி ஜெல்லிமீனும், விரல்நகம் அளவே உள்ள இருகாஞ்சி ஜெல்லிமீனும் உலவும் காலம். வலை கட்டிய பகுதியில், உடல் மூடும் ஸ்டிங்கர் சூட் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். கொட்டிவிட்டால் குறைந்தது 30 விநாடி வினிகரை ஊற்றி, 000 எண்ணுக்கு அழையுங்கள். கடற்கரைகளில் வினிகர் பாட்டில் அதற்காகவே வைத்திருப்பார்கள். தெற்கே வரும் நீலநிற புளூபாட்டிலுக்கு வினிகர் கூடாது: கடல்நீரில் கழுவிவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைக்க வேண்டும்.

வடக்கே கழிமுகம், ஆறு, அலையாத்திக் காடு எல்லாம் உவர்நீர் முதலையின் இடம். எச்சரிக்கைப் பலகை இருந்தால் காலைக்கூட நனைக்காதீர்கள்.

சர்ஃபிங் எங்கே கற்கலாம்?

பைரன் பே. அங்கே அலைகள் நீளமாக, மென்மையாக உடையும். நூசாவும் நல்லது, ஆனால் கூட்டம். முதல் ஓரிரு வகுப்பு ஆசிரியரோடு, அப்புறம் மென்பலகை ஒன்றை வாரக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தினமும் இறங்குங்கள். பணம் கட்டி அடுக்கடுக்காக வகுப்பு எடுப்பதைவிடத் தண்ணீரில் இருக்கும் நேரம்தான் கற்றுக்கொடுக்கும். ஏற்கெனவே ஒருவர் ஏறியிருக்கும் அலையில் குறுக்கே ஏறாதீர்கள். அங்கே இதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை.

ஸ்கூபா?

கெய்ர்ன்ஸில் கற்பதுதான் வழக்கம். ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றுக்கு வழக்கமாக 4 நாள்: இரண்டு நாள் வகுப்பும் குளமும், இரண்டு நாள் பவளப்பாறையில். 18 மீட்டர் ஆழம் வரை இறங்கும் தகுதி கிடைக்கும். ஆஸ்துமா, காதுக் கோளாறு இருந்தால் முன்பே மருத்துவரைப் பாருங்கள், மறைக்காதீர்கள். கடைசி டைவுக்குப் பிறகு 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது, உயரத்தில் காற்றழுத்தம் குறைவது உடலுக்கு ஆபத்து. பலர் கவனிக்காத ஒன்று: கெய்ர்ன்ஸுக்குப் பின்னால் மலைமேல் இருக்கும் ஆதர்டன் ஊர் 700 மீட்டருக்கு மேல் உயரம். டைவ் முடித்த அன்றே அங்குள்ள தோட்டத்துக்கு வண்டி ஏறுவதும் அதே ஆபத்துதான்.

சில படகுகளில் சமையல், துப்புரவு உதவிக்குப் பதிலாக இலவச டைவ் தருவார்கள். அனுபவமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சம்பளம் இல்லாத வேலை இரண்டாம் ஆண்டுக் கணக்கில் சேராது.

வேன் வாங்கலாமா?

இரண்டு மூன்று பேர் சேர்ந்து, பல மாதம் ஓட்டுவதாக இருந்தால் வாங்கலாம். கெய்ர்ன்ஸிலிருந்து பிரிஸ்பேனுக்கு மட்டுமே சுமார் 1,700 கிலோமீட்டர். ஒரு மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்காதீர்கள். பதிவோடு தொடர்புடைய கட்டாயக் காப்பீடு மனிதர்களுக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டும்தான். நீங்கள் இடித்த கார் விலை உயர்ந்ததாக இருந்தால் வருடச் சம்பளமும் போகும், எனவே பிறர் சொத்துக்கான காப்பீட்டையும் எடுங்கள். அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும், இரவில் ஓட்ட வேண்டாம். கண்ட இடத்தில் வேனில் படுத்தால் நகரசபை அபராதம் போடும். தனி ஆளாக இருந்தால் கிழக்குக் கரையில் பேருந்தே போதும்.

ஹாஸ்டல் தேர்ந்தெடுப்பதில் என்ன பார்க்க வேண்டும்?

தோட்டப் பகுதிகளில் வேலை பிடித்துத் தரும் ஹாஸ்டல்கள் உண்டு. வேலையே இல்லாத வாரங்களிலும் வாடகை வாங்கிக்கொண்டு "அடுத்த வாரம் வந்துவிடும்" என்று இழுத்தடிப்பவையும் உண்டு. இப்போது தங்கியிருப்பவர்களிடம் போன வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று கேளுங்கள். பல வார வாடகையை முன்பணமாகக் கட்டாதீர்கள்.

இன்னொன்று, உள்ளே நுழைந்ததும் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, ஜன்னல் திறக்கிறதா, வெளியேறும் வழி எது என்று பாருங்கள். 2000 ஜூன் 23 அன்று குயின்ஸ்லாந்தில் சில்டர்ஸ் என்ற ஊரில், பழம் பறிக்க வந்தவர்கள் தங்கியிருந்த ஹாஸ்டலில் தீவைக்கப்பட்டு 15 இளைஞர்கள் இறந்தார்கள். எச்சரிக்கைக் கருவிகள் வேலை செய்யவில்லை. அவர்களில் பலரும் உங்களைப் போலச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள்தான்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

நிறையப் பேர் போகிறார்கள். கடலோர ஊர்களில் பெண்களுக்கென்று தனி அறைகள் உள்ள ஹாஸ்டல்கள் சாதாரணம். கவனம் தேவைப்படுவது ஒதுக்குப்புறத் தோட்டங்களிலும், ஒற்றைக் குடும்பம் நடத்தும் கிராமத்து பார்களிலும்தான். தனியாக அங்கே போகாதீர்கள். போனால் கைபேசி சிக்னல் இருக்கிறதா, சொந்தமாக வெளியேற வண்டி வசதி இருக்கிறதா என்று முன்பே உறுதி செய்யுங்கள். முகவரியை ஒரு தோழியிடம் கொடுங்கள். கடவுச்சீட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

காப்பீடு அவசியமா?

அவசியம். பிரிட்டன் போன்ற சில நாட்டவருக்கு மெடிகேர் என்ற ஆஸ்திரேலிய அரசு மருத்துவத் திட்டத்தின் உதவி உண்டு. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், கனடாக்காரர்களுக்கு இல்லை. ஸ்கூபா, சர்ஃபிங், உடல் உழைப்பு வேலை மூன்றும் பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். வேலை செய்யும்போது அடிபட்டால் முதலாளியின் தொழிலாளர் காப்பீடு கேஷுவல் ஊழியருக்கும் உண்டு, அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

"படித்துவிட்டு வெளிநாட்டில் பாத்திரம் கழுவவா?" என்கிறார்கள். என்ன சொல்ல?

அந்த ஊரில் பாத்திரம் கழுவுபவரும் படகுத் தலைவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். உடலால் உழைத்து, வரி கட்டி, தன் வாடகையைத் தானே கொடுத்து ஒரு வருடம் வாழ்ந்தவருக்கு இருக்கும் தைரியத்தை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். எதற்காகப் போகிறோம், எவ்வளவு காலம், திரும்பி வந்து என்ன என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள். மீதிப் பேருக்கு நேரம் ஆகும்.

இதிலிருந்து நிரந்தர வசிப்புரிமைக்குப் போகலாமா?

நேரடி வழி இல்லை. வேலை பார்த்த இடத்திலேயே ஸ்பான்சர் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதற்குத் தகுந்த தொழில் தகுதி வேண்டும். அந்த எண்ணத்திலேயே போனால் கடலையும் ரசிக்க மாட்டீர்கள், முதலாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டவும் நேரும்.

திரும்பும்போது என்னென்ன முடிக்க வேண்டும்?

ஹாஸ்டல் அல்லது அறை முன்பணத்தை நேரில் வாங்குங்கள். வேன் இருந்தால் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே விற்கப் பாருங்கள், கடைசி நாளில் விற்பவரிடம் எல்லோரும் அடிமாட்டு விலை கேட்பார்கள். சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் ஏற்றிவையுங்கள். வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். சூப்பரை நாட்டை விட்டு வெளியேறி, விசாவும் முடிந்த பிறகுதான் கேட்க முடியும். அந்தப் பணம் வந்து சேரும் வரை ஆஸ்திரேலிய வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள்.